சரணடையச் சொன்னவள்

2009ஆம் ஆண்டு நான் கனடாவில், பியர்பொன்ட்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது. என் பொறுப்பில் இருந்த எட்டுப் பேரில் ஒருவர் ஜெர்மன்காரர். எண்பத்தைந்து வயதுக்குக் கிட்ட இருக்கும். இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பலில் மாலுமியாக இருந்தவர். எனக்கு அவரைப் பிடிக்கும். மற்றவர்கள் என் பெயரை வெட்டிச் சுருக்கிக் கூப்பிட்டபோது, அவர் மட்டும் முழுப் பெயரையும் கேட்டுப் பழகிச் சொன்னவர்.

அந்த மே மாதம், போர் முடிந்த நாளை நினைவுகூர இல்லத்தில் ஒரு சிறு கூட்டம் வைத்தார்கள். தேத்தண்ணீரும் கேக்கும். அவரைப் பேசச் சொல்லியிருந்தார்கள். சக்கர நாற்காலியில் வைத்து அவரைக் கீழே கொண்டுபோனது நான்தான்.

அவருடைய கப்பல் நடு அட்லாண்டிக்கில் இருந்தபோது ரேடியோவில் கட்டளை வந்ததாம். நாடு தோற்றுவிட்டது, நீர்மூழ்கிகள் எல்லாம் மேலே வர வேண்டும், இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, கறுப்புக் கொடி ஏற்றிக்கொண்டு எதிரியின் துறைமுகத்துக்குப் போக வேண்டும். கப்டன் அதை இரண்டு தரம் வாசித்தாராம். ரகசியப் புத்தகங்களைக் கடலில் போட்டார்கள். கறுப்புத் துணி இல்லை. ஒரு போர்வையை எஞ்சின் எண்ணெயில் தோய்த்துக் கட்டினார்கள்.

"எல்லாரும் சவரம் செய்துகொண்டோம்," என்றார். "சுடப்போகிறார்கள் என்றுதான் நினைத்தோம்."

வந்தது ஒரு கனடியக் கப்பல். அதிலிருந்து ஏறியவர்கள் இவருடைய வயதுக்காரர்கள். ஒவ்வொருவராக நிறுத்திப் பெயரும் இலக்கமும் எழுதினார்கள். பிறகு சாப்பிட வெள்ளைப் பாண் கொடுத்தார்கள். அந்த வாரம் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எங்கெங்கோ கடல்களில் ஒவ்வொன்றாக மேலே வந்து சரணடைந்தனவாம். இவர் சில காலம் முகாமில் இருந்தார், ஊருக்குப் போனார், பிறகு தன்னைப் பிடித்து வைத்திருந்த நாட்டுக்கே குடியேறி வந்துவிட்டார்.

"பெயரை எழுதினபோதுதான் எனக்கு உயிர் வந்தது," என்றார். "எழுதிவிட்டால் பிறகு நம் உயிருக்கு ஒருவர் பொறுப்பு."

எல்லாரும் கை தட்டினார்கள். நான் சுவரோடு நின்று என் அண்ணையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணை இயக்கத்தின் கடற்பிரிவில் இருந்தவர். படகு எஞ்சின்கள் திருத்துவதுதான் அவருடைய வேலை. அவர் சுட்டதாக நான் அறியேன்; சுடவில்லை என்று சத்தியம் செய்யவும் மாட்டேன். மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்தார். அவர் மனைவியும் நானும் ஒருவரையொருவர் மச்சாள் என்போம். இங்கே நாங்கள் லீவு நாட்களில் நகரத்து வீதிகளில் பதாகை பிடித்துக்கொண்டு நின்றோம். பார்த்துக்கொண்டு போனவர்களுக்கு நாங்கள் எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாது.

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த வாரம், நான் குடியிருந்த செயின்ட்-மிஷேலிலிருந்து மெட்றோவில் வந்து, இல்லத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறியிருந்தபோது போன் அடித்தது. நம்பர் இல்லை.

"பிள்ளை, நான் அண்ணை. கனக்கக் கதைக்கேலாது. சற்றலைட் போன். பின்னால ஆக்கள் நிக்கினம்."

"பிள்ளையள் சுகமோ அண்ணை?"

"ஓம், இருக்கினம். படகெல்லாம் நாங்களே எரிச்சுப்போட்டம். இனி ஒண்டுமில்லை. சனத்தோட சனமாப் போறதோ, பேரைச் சொல்லிச் சரணடையிறதோ எண்டு தெரியேல்லை. நீ என்ன நினைக்கிறாய்?"

எங்கள் வீட்டில் படித்தவள் நான்தான். எதற்கும் என்னைக் கேட்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

"பேரைச் சொல்லுங்கோ அண்ணை. ஒளிச்சுப் பிடிபட்டாத்தான் ஆபத்து. பேர் பதிஞ்சா ஒண்டும் செய்யேலாது. உலகம் பாத்துக்கொண்டிருக்கு."

"உலகமோ?" என்றார். சிரித்தாரா இருமினாரா தெரியாது. "சரி. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். வைக்கிறன்."

அன்று அந்த ஜெர்மன்காரருக்கு நகம் வெட்டிவிடும்போது நடந்ததைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல புத்தி சொன்னாய்," என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கனநாளைக்குப் பிறகு அன்று மத்தியானம் பசித்துச் சாப்பிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து மச்சாள் யாருடையதோ போனில் எடுத்தாள்.

"ஆமிக்காரர் இவரின்ர பேரை எழுதினவை மச்சாள். நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். தகப்பன் பேரும் கேட்டு வடிவா எழுதினவை. பேந்து இவரைப் பஸ்ஸில ஏத்திப்போட்டினம். சின்னவன் அழுதவன் எண்டு யன்னலால கையைக் காட்டினவர்."

அதற்குப் பிறகு அண்ணையைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

ஜெர்மன்காரர் ஒவ்வொரு நாளும் கேட்பார், "அண்ணனிடமிருந்து செய்தி வந்ததா?" இல்லை என்பேன். "பட்டியல் இருக்கும். பட்டியலைக் கேள். எங்கேயும் பட்டியல் இருக்கும்." யூன் முழுக்க இதே கேள்வி, இதே புத்திமதி. யூலையில் ஒரு நாள், குளியலறையில் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் பட்டியல் என்றார். நான் தண்ணீர்க் குழாயை அப்படியே கீழே போட்டேன்.

"உங்களைப் பிடிக்க வந்தவர்களுக்கு நீங்கள் மனிசன்," என்றேன். "என் அண்ணை, அவரைப் பிடித்தவர்களுக்கு மனிசன் இல்லை. உங்களுக்குப் பாண் கிடைத்தது என்றால் எல்லாருக்கும் கிடைக்குமா?"

ஈர உடம்போடு அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குளிரில் தோள் நடுங்கியது.

"நான் எனக்கு நடந்ததைத்தானே சொன்னேன்," என்றார்.

அது உண்மை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் அவர் தலையில் எல்லாவற்றையும் கொட்டியிருக்கலாம். துவாயால் துடைத்து, உடுப்புப் போட்டு, அறையில் விட்டுவிட்டு, வேறு மாடிக்கு மாற்றித் தரச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேட்டேன். காரணம் கேட்டதற்கு முதுகு நோவு என்றேன். கார்த்திகை மாதம் அவர் செத்துப்போனார். இல்லத்தில் வேலை செய்தவர்கள் செத்தவீட்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை.

மார்கழியில் மச்சாளையும் பிள்ளைகளையும் முகாமிலிருந்து விட்டார்கள். வவுனியாவில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, அண்ணையின் படத்தோடு ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்கினாள். அப்படி ஒரு பெயரே தங்களிடம் இல்லை என்றார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் எடுப்பேன். ஒரு ஞாயிறு அவள் கேட்டாள்:

"அவர் முதல்ல சனத்தோட போவம் எண்டுதான் நிண்டவர் மச்சாள். ஆரோடயோ போன் கதைச்சிட்டு வந்துதான், பேரைக் குடுக்கப்போறன் எண்டவர். ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

யன்னலுக்கு வெளியே பனி தள்ளும் வண்டி போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை, சத்தத்தில் கேட்கவில்லை என்பதுபோல இருந்தேன்.

"தெரியாது மச்சாள்," என்றேன்.

"ஆரெண்டாலும் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பினம்," என்றாள் அவள்.

பிறகு சின்னவனுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து அளவில்லை என்பதைப் பற்றிக் கதைத்தோம்.