நீலப் பூ வாடிய தண்டு

என் வீட்டுக்காரர் ஏலகிரியில் ஒரு பங்களாவுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனபோது ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த செடி அது. இலைகள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். பூ நீலம், நடுவில் மஞ்சளும் பழுப்புமாக வரி. காலையில் விரிந்து சாயங்காலமே சுருண்டுவிடும். அது என்ன செடி என்று அவருக்கும் தெரியாது. ஆனாலும் தினம் ஒரு சொம்பு குடிதண்ணீர் அதற்குத்தான். ஆம்பூரில் குடிதண்ணீருக்கு நாங்கள் படும் பாடு எனக்குத்தானே தெரியும். "மனுஷனுக்கே இல்ல, செடிக்கு கேக்குதா?" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே ஊற்றுவார்.

போன வருஷம் மாரடைப்பில் அவர் போய்விட்டார். சட்டைகளைக் கொடுத்துவிட்டேன். வண்டியை அவர் தம்பி எடுத்துப்போனார். மிச்சம் இந்தச் செடிதான். அதற்கும் நான் போர் தண்ணீரையே ஊற்றினேன், வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர். பாத்திரம் கழுவுகிறோமே, செடிக்கு மட்டும் என்ன வந்தது என்று நினைத்தேன். இந்தக் கோடையில் இலைகள் நுனியிலிருந்து கருகத் தொடங்கின.

பெயர் தெரிந்தால் வைத்தியம் தெரியும் என்று ஓர் இலையோடு அலைந்தேன். குடியாத்தம் ரோட்டில் ஒரு நர்சரிக்காரர் பார்த்த மாத்திரத்தில் வசம்பு என்றார். வீட்டுக்கு வந்து வேரை நசுக்கி மோந்து பார்த்தேன். வசம்பு வாசனை துளியும் இல்லை. போனில் இலையைப் படம் பிடித்துத் தேடினால் நாலு பெயர் வந்தது, நாலும் வேறு வேறு. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோலார்பேட்டையில் இறங்கி மலை பஸ் ஏறினேன்.

ஏலகிரியில் செடி விற்கிறவர் இலையைக் கையில் வாங்கவே இல்லை. பூ படம் இருக்கா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் எப்போதோ எடுத்தது ஒன்று போனில் இருந்தது. காட்டினேன்.

"இது ஐரிஸ் சாதிம்மா. நடக்குற ஐரிஸ்னு சொல்லுவாங்க. பூ காஞ்ச தண்டு நுனியில குட்டி வைக்கும். கனத்துல சாஞ்சு மண்ணத் தொட்டா அங்கயே வேர் உட்டுடும். தாய்ச்செடி போனா இன்னா, சுத்தி பத்து குட்டி இருக்குமே?"

ஒன்றுகூட இல்லை என்றேன்.

"தண்ட வெட்டிட்டீங்களா?"

நான் ஷூ கம்பெனியில் டிரிம்மிங் டேபிளில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். தைத்து வரும் ஷூவின் மேல்தோலில் தொங்குகிற நூலைக் கத்தரிப்பதுதான் வேலை. துணுக்கு நூல் மிஞ்சினாலும் சூப்பர்வைசர் திருப்பி விட்டெறிவார். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. பூ வாடிய தண்டு தொங்குவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. மறுநாளே நறுக்கிக் குப்பையில் போடுவேன். ஆறு வருஷமாக அப்படித்தான். செடி சுத்தமாக இருக்கிறது என்று பெருமை வேறு. என் வீட்டுக்காரர்கூட ஒரு தடவை, "உடேன், அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். கேட்டேனா?

அதே சாதியில் வேறு செடி தருகிறேன் என்றார் ஏலகிரிக்காரர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பூ வேணாங்க, அந்தச் செடிதான் வேணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அன்றிலிருந்து அதற்குக் கேன் தண்ணீர். மேல்மண்ணில் படிந்திருந்த வெள்ளை உப்பை வழித்துவிட்டுப் புதுமண் போட்டேன். கிழங்கு பாதி அழுகியிருந்தது. ஆனாலும் ஒரே ஒரு தண்டு வந்தது. பூ விரிந்த அன்று கம்பெனிக்கு லீவு போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அது சுருண்டதும், வீட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் நாங்கள் ஆப்பா என்று கூப்பிடும் முஸ்லிம் அக்காவிடம் கொடுத்தேன். "நான் கேட்டாலும் தராதீங்க" என்றேன்.

மூன்று வாரத்தில் தண்டு நுனியில் நகத்தளவு இரண்டு இலை எட்டிப் பார்த்தது. அதற்குள் தாய்ச்செடி அடியோடு அழுகிச் சாய்ந்துவிட்டது. குட்டிக்கு இன்னும் வேர் வரவில்லை. வேறு வழி தெரியாமல் தண்டோடு மண்ணில் படுக்கவைத்துக் கொண்டை ஊசியால் அழுத்தி வைத்திருக்கிறேன். இன்று ஒன்பதாம் நாள். ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்க்கக் கை பரபரக்கிறது. இழுத்தால் போச்சு. இலை பச்சையாகத்தான் இருக்கிறது. பிழைக்கப்போகிற பச்சையா, வாடப்போகிற பச்சையா என்று எனக்குத் தெரியவில்லை. இதுவும் போய்விட்டால், அவர் கை பட்டதில் உயிரோடு மிச்சம் நான் ஒருத்திதான்.