மூன்றாம் சரணத்தில் நின்ற பாட்டு

போன ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, இருபத்தைந்து அடிக் கிணற்றுக்குள் கால் மாட்டிக்கொண்டு சாகக் கிடந்தவன் நான். இன்று உங்கள் முன்னால் ஊன்றுகோலோடு நிற்கிறேன். கால் இன்னும் வலிக்கிறது. வாய் நன்றாக இருக்கிறது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

என் பெயர் சாமுவேல். விழுப்புரத்தில் மோட்டார் மெக்கானிக். ஊர் ஊராகப் போய்க் கிணற்று மோட்டார்களை ரிப்பேர் செய்வேன். சபையில் பாட்டு நடத்துவேன். கிணற்றில் இறங்கினாலும் பாட்டுதான். அங்கே பாடினால் நம் குரல் நமக்கே பிடித்துப்போகும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

திண்டிவனம் போகிற வழியில் முருகேசன் அண்ணனுக்கு நிலம் இருக்கிறது. அவர் மனைவி செல்வி அக்கா. போகிற இடமெல்லாம் ஆண்டவரைப் பற்றிய கைப்பிரதி, ஒற்றைத் தாள்தான், கொடுப்பது என் வழக்கம். அக்காவிடம் கொடுத்தால், அதிலேயே மல்லாட்டைக் கடலையை மடித்து என் கையில் திருப்பிக் கொடுக்கும். "எங்களுக்குத் திருவக்கரை அம்மன் இருக்குது. நீ வேலையப் பாத்துக்கினு போ." பாட ஆரம்பித்தால், "தவளை கத்த ஆரம்பிச்சிடுச்சு" என்று சிரிக்கும். இந்த அக்கா மனசு கல், இதில் ஒன்றும் முளைக்காது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அன்று கிணற்று மோட்டார் தண்ணீரை இழுக்கவில்லை. குழாய்க்கு அடியில் இருக்கிற புட்வால்வு போய்விட்டது. கழற்றி மேலே அனுப்பினேன். அண்ணன் புதிது வாங்கத் திண்டிவனம் போனார். அது கரண்ட் இல்லாத நேரம். அவர்கள் போர்வெல் தண்ணீரைக் கிணற்றில் விட்டு, அங்கிருந்துதான் வயலுக்கு இறைப்பார்கள். கரண்ட் வந்ததும் போர் மோட்டார் தானாக ஓடுவதற்கு ஆட்டோ சுவிட்சு வைத்துக் கொடுத்ததே நான்தான். இறங்கும் முன் அதன் பியூஸைப் பிடுங்க வேண்டும். மெக்கானிக் ஆனவன் முதலில் செய்கிற வேலை அது. நான் ஞாயிற்றுக்கிழமை பாட வேண்டிய புதுப் பாட்டை மனதில் ஓட்டிக்கொண்டே இறங்கிவிட்டேன்.

மேலே ஏறும்போது படிக்கல் ஒன்று பெயர்ந்தது. கல்லோடு சேர்ந்து விழுந்தேன். இடது கால் அந்தக் கல்லுக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எழுந்து நிற்க முடியவில்லை. உட்கார்ந்தபடி இருந்தேன், இடுப்பளவு தண்ணீர். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மேலே கழற்றி வைத்த சட்டையில் செல்போன் அடித்தது. என் மனைவி எஸ்தர்தான், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு. அடித்து அடித்து நின்றுபோனது.

பிறகு கரண்ட் வந்தது. போர் தண்ணீர் கிணற்றுக்குள் கொட்ட ஆரம்பித்தது. நான் வைத்த ஆட்டோ அவ்வளவு நன்றாக வேலை செய்தது!

கத்தினேன். "அக்கா! யாராவது வாங்களேன்!" தூரத்து வயலில் செல்வி அக்காவும் நாலு பெண்களும் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். என் சத்தம் அவர்களுக்குக் கேட்டது. ஆனால் கிணற்றுக்குள் மோதி வந்த சத்தத்தைப் பாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். "இன்னிக்கு மெக்கானிக்கு ரொம்ப இழுக்கறான்யா" என்று சிரித்தார்களாம். இதெல்லாம் ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: கத்துகிறேன், யாரும் வரவில்லை.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. கத்திக் கத்திக் குரல் கம்மிப்போனது. எனக்கு ஆண்டவர்மேல் கோபம் வந்தது. வேதத்திலே, சிறையில் பாடின உம் ஊழியர்களுக்குக் கதவைத் திறந்தீர், எனக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டீரே என்று கேட்டேன். எத்தனை வீடுகளில் விசுவாசமாயிருங்கள் என்று சொல்லி ஜெபித்திருக்கிறேன்! எனக்கென்று வந்தபோது ஒரு வசனம்கூட நினைவில் இல்லை. சின்னப் பிள்ளைபோல அழுதேன்.

கடைசியில், "ஆண்டவரே, எஸ்தரைப் பார்த்துக்கொள்ளும். முடிந்தால் என்னைத் தூக்கிவிடும்" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம். பிறகு பாடினேன். தினமும் பாடுகிற துதிப் பாட்டு, ஐந்து சரணம். விசுவாசத்தில் பாடினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பயத்தில்தான் பாடினேன், சுருதியே இல்லாமல். மூன்றாம் சரணத்தின் பாதியில் தண்ணீர் உதட்டைத் தொட்டது. வாயை மூடி, அண்ணாந்து மூக்கால் மூச்சு வாங்கினேன்.

மேலே ஒரு தலை தெரிந்தது.

"யோவ் மெக்கானிக்கு! மூணாவதுல பாதியிலயே நிறுத்திட்ட? இன்னாய்யா ஆச்சு?"

கூழ் குடிக்கக் கிணற்றோர வேப்பமரத்தடிக்கு வந்த செல்வி அக்கா! என்னைப் பார்த்ததும் அலறிக்கொண்டே ஓடி போர் மோட்டாரை நிறுத்தியது. பக்கத்து நிலத்து ஆட்கள் கயிறும் கடப்பாரையுமாக இறங்கி, கல்லை நெம்பி என்னைத் தூக்கினார்கள். விழுப்புரத்தில் ஆபரேஷன் செய்து காலுக்குத் தகடு வைத்தார்கள்.

அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தது. "நீதான் எந்தப் பாட்டையும் பாதியில நிறுத்த மாட்டியே. எனக்கு அஞ்சும் மனப்பாடம்யா. களை வெட்டிக்கினே நானும் கூட முணுமுணுப்பேன். அன்னிக்கு நீ கத்தும்போது சிரிச்சிக்கினு இருந்தேனே, பாவி நான்" என்று அழுதது.

நானும் அழுதேன். நான் கல் என்று தள்ளிவைத்த ஆளிடம்தான் கர்த்தர் என் பாட்டை ஒரு வரி விடாமல் சேர்த்து வைத்திருந்தார். அன்றிலிருந்து யாரைப் பற்றியும் நான் முடிவு கட்டுவதில்லை.

போன மாதம் எஸ்தரோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா இப்போதும் பௌர்ணமிக்குத் திருவக்கரை போகிறது. "மீதியை எப்பய்யா பாடப்போற?" என்று கேட்டது. பாடினேன். முடித்ததும், "தெனம் பாடறியே, உங்க சாமி உனக்கு இன்னாதான் பண்ணாரு? சொல்லு" என்றது. இத்தனை வருஷத்தில் ஆண்டவரைப் பற்றி அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி. பையில் கைப்பிரதி இருந்தது. எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பில் சோறு குழைந்துபோனது, அக்கா எழுந்திருக்கவில்லை.

அன்பானவர்களே, அடுப்படியில் பாடுங்கள், வேலை செய்கிற இடத்தில் பாடுங்கள். கேலி செய்தாலும் பாடுங்கள். எங்கேயாவது மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறுகிறவர் இங்கே இருந்தால், ஆண்டவரைக் கூப்பிடுங்கள். கோபமாகக் கூப்பிட்டாலும் பரவாயில்லை. நான் அப்படித்தான் கூப்பிட்டேன். என் சத்தத்தைக் கேட்டார், உங்கள் சத்தத்தையும் கேட்பார்.