டீ மேக்கருக்குக் கொடுத்த மாத்திரை

1. இருநூறுக்கு நூற்றிருபது

குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருபத்தாறு வருடம் நர்சாக இருந்தேன். குளவி கொட்டியவர், தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியில் விரலை வெட்டிக்கொண்டவர் என்று எல்லோரையும் அதட்டியே மருந்து சாப்பிட வைத்திருக்கிறேன். என் அதட்டல் செல்லாத ஒரே ஆள் என் அண்ணன் வேலுச்சாமி.

அண்ணன் எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலைத் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக இருந்தவர். தினமும் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பி, தூளில் என்ன தப்பு என்று சொல்லிவிடுவார். மனநோய் வந்து வேலை போனபின் என் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். அதற்கான ஊசியை மாதம் ஒரு முறை முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொள்வார். பிரஷர் மாத்திரை என்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வார். மெஷினிலோ 200/120.

"எனக்குப் பிரஷரே இல்ல அம்மிணி. பக்கத்து ஊட்டுக்காரன் செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஏத்தி உடறான்."

"அவன் ஏத்துறத எறக்கத்தானுங்கண்ணா மாத்திரை."

"எறக்குனா அவனுக்குத் தெரிஞ்சு போயிரும்."

எனக்கு நர்சிங் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. கெஞ்சிக் கொடுத்தால் நாக்குக்கு அடியில் ஒதுக்கி, ரோஜாச் செடியில் துப்புவார். தினமும் "நாக்கத் தூக்குங்க" என்று டார்ச் அடித்துப் பார்ப்பதே என் பிழைப்பாகிவிட்டது. "இப்படியே விட்டா ஒரு நாள் கைகால் இழுத்துக்கும் சிஸ்டர்" என்று டாக்டர் வேறு வாராவாரம் எச்சரித்தார்.

2. பொடி

ஒரு நாள் பொறுமை கெட்டு மாத்திரையைப் பொடித்து அவர் டீயில் கலந்தேன். இஞ்சி தட்டிப் போட்டேன், சர்க்கரையும் தூக்கலாக. அந்த நாக்கை ஏமாற்றலாம் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல!

ஒரே உறிஞ்சு. என் வெள்ளைப் புடவையில் துப்பினார்.

"டேஸ்டிங் டேபிள்ல காஞ்ச தூளு, வெந்த தூளு, டீத்தண்ணி மூணையும் முன்னால வெக்கோணும். நீ தண்ணிய மட்டும் வெச்சுப்போட்டு மத்தத ஒளிச்சுட்டியே, அம்மிணி."

அதன்பின் என் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கவில்லை. கடை பன்னை, அதுவும் உறை பிரிக்காததாக இருந்தால், சாப்பிடுவார். அந்த மாத ஊசியும் போயிற்று. ஸ்டோர் ரூமில் நின்று அழுதேன். அவர் மேல் கோபம்; என் மேல் அதைவிடக் கோபம்.

3. மேசை

பிறகு தினமும் காலையில் மாத்திரை அட்டை, டம்ளர், தண்ணீர்ச் செம்பு மூன்றையும் அவர் முன்னால் வைத்தேன். "நீங்களே பிரிங்க, நீங்களே ஊத்துங்க" என்று மட்டும் சொல்வேன். ஒன்பது நாள் பார்த்துவிட்டு எழுந்து போனார். பத்தாம் நாள் மேசையிலிருந்த பிரஷர் மெஷினை என் பக்கம் தள்ளினார்.

"மொதல்ல உனக்குப் பாரு."

எரிச்சலோடு பார்த்தேன். 170/100.

"மெஷின் சரியில்லைங்கண்ணா. அப்புறம் பாத்துக்கலாம்."

அண்ணன் சிரித்தார். அவர் சிரித்து ஒரு வருடமாகியிருந்தது. "உனக்கும் ஏத்தறான் பாரு அவன்!"

டாக்டர் எனக்கும் மாத்திரை எழுதினார். நான் விழுங்கிக் காட்டியபிறகே அண்ணன் தன்னுடையதைப் பிரித்தார். அடுத்த மாதம் ஊசிக்கும் கையை நீட்டினார்.

புதிதாக வேலைக்கு வரும் நர்சுகளுக்குச் சொல்கிறேன்: மருந்தை ஒளித்துக் கொடுக்காதீர்கள். மாட்டிக்கொண்டால், அப்புறம் நீங்கள் தரும் தண்ணீரையும் சந்தேகப்படுவார்கள்.

நான் ரிட்டயராகிவிட்டேன். அண்ணனின் வம்பு ஓயவில்லை. இன்று காலையும் முக்கால் மணி நேரம் பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டிவிட்டுத்தான் மாத்திரையை விழுங்கினார். பிறகு என் பழைய டார்ச்சை எடுத்துக்கொண்டு நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டார்.

"வாயத் தொற அம்மிணி. நாக்கத் தூக்கு."

தூக்கினேன்.