நானே எழுதிய ஒரு வரி

இரண்டு வருடம் முன்பு, மே மாதக் கடைசியில், மரக்காணத்தில் நடந்தது இது. உப்பளத்துக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு எடைமேடையில் கம்ப்யூட்டர் தகராறு செய்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கிளியனூரிலிருந்து பைக்கில் போவேன். எடை போடும் புரோகிராம் யூனிக்ஸ் வகை சர்வரில் ஓடுவது. கறுப்புத் திரை, அதில் கட்டங்கள், மவுஸ் கிடையாது.

அன்று காலை, அந்த சர்வரோடு பேசும் டெர்மினலாக, அதாவது திரையும் கீபோர்டுமாக இருந்த பழைய பெட்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது கம்ப்யூட்டர் வைத்தேன். வேலை முடிந்தது என்று எடை போடும் லாகினில் நுழைந்தால், திரை முழுக்கக் கந்தரகோளம். கட்டங்கள் உடைந்து கிடந்தன, எழுத்து மேல் எழுத்து ஏறியது, அம்புக்குறியைத் தட்டினால் ஏதேதோ குறிகள் விழுந்தன.

வெளியே ஏழு லாரி. காலி லாரியை எடை போட்டுச் சீட்டு கொடுத்தால்தான் அது உள்ளே போய் உப்பு ஏற்ற முடியும். கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. குவித்து வைத்த உப்பு மழையில் மாட்டினால் கரைந்தே போகும். சின்ன உப்பளக்காரர்களுக்கு அது சீசன் முழுக்கப் பட்ட பாடு.

எங்கள் பக்கம் எது கெட்டாலும் உப்புக்காற்றின் தலையில் போடுவது வழக்கம். ஃபேன் நின்றாலும் அதுதான், பைக் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் அதுதான். நானும் யோசிக்கவே இல்லை. "உப்புக்காத்து ஒயரைத் தின்னுடுச்சு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, கேபிளைக் கழற்றித் துடைத்தேன், கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். முக்கால் மணி நேரம் போனது.

"ஏம்பா, மழை இறங்கிடப் போவுது. ஒரு சீட்டு குடுக்க இம்மாம் நேரமா?" என்று ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை விட்டார்.

அங்கே எடை போடும் பெண் ஊழியர் மெதுவாகச் சொன்னார்: "சார், ரிப்போர்ட் எடுக்குற என் லாகின்ல போய்ப் பாத்தேன். நல்லாத்தான் வருது. உப்புக்காத்து ஆள் பாத்தா அடிக்குது?"

பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. அதே கேபிள், அதே திரை, லாகின் மட்டும் வேறு. அப்படியென்றால் கோளாறு லாகினில்தான். நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராமுக்கு ஷெல் என்று பெயர்; உள்ளே நுழையும்போது அது படிக்கும் அமைப்புக் கோப்பை, எடை லாகினுக்கு உரியதைத் திறந்தேன். எதிரே இருப்பது இன்ன வகைத் திரை என்று சர்வருக்குச் சொல்லும் 'டெர்ம்' வரி அதில் இருந்தது. புது கம்ப்யூட்டர் தன் வகையைத் தானே சரியாகச் சொல்கிறது. இந்த வரி குறுக்கே புகுந்து, போய்ச் சேர்ந்த பழைய பெட்டியின் வகையையே சொல்லிக்கொண்டிருந்தது. மேலே இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு வேறு: 'இதை யாரும் தொடக் கூடாது.' பக்கத்தில் என் பெயர். அதற்கு நாலு வருடம் முன்பு நானே எழுதி வைத்தது!

வரியை அழித்தேன். திரை மாறவில்லை. வெளியே வந்து மறுபடி லாகின் செய்தால்தான் ஷெல் அதைப் புதிதாகப் படிக்கும் என்பதே பதற்றத்தில் மறந்துவிட்டது. செய்தேன். கட்டங்கள் ஒழுங்காக வந்து நின்றன.

ஆறு லாரி உப்பு ஏற்றித் தார்ப்பாய் மூடித் திரும்பின. ஏழாவது வரும்போது தூறல் பிடித்துக்கொண்டது. ஆனாலும் உப்பு தப்பித்தது. டிரைவர்கள் டீ வாங்கிக் கொடுத்து, "கில்லாடிப்பா நீ" என்றார்கள். நானும் வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். என் பின்னால் நின்று அந்தக் குறிப்பைப் படித்தவர் அவர், என் பெயரோடு சேர்த்து. நாலு பேர் நடுவில் வாயைத் திறக்காமல் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"அண்ணே, கோளாறே நான் பண்ணதுதான். கண்டுபுடிச்சது அவங்க" என்று போட்டு உடைத்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவர்தான் அதிகம். இன்றும் அங்கே என் பெயர் 'தொடாதே சார்'.

டெர்மினல், ஷெல் எல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். என் தப்பைக் கண்ணால் பார்த்தும், அதை நானே சொல்லட்டும் என்று விட்டுவைத்த அந்த மனசைத்தான் நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.