‘முடியும்’ என்று சொல்லாத என் மைத்துனர்

ஆங்கிலம் வராததால்தான் என் மைத்துனருக்கு அந்த வேலை கிட்டவில்லை என்று போடியில் பேசிக்கொள்கின்றனர். அது உண்மையன்று. மாலைநேர ஆங்கில வகுப்பில் துணைக்கென அவர் அருகிலேயே அமர்ந்திருந்தவன் நான். ஆகவே நடந்ததை எழுதிவைக்கிறேன்.

விடியுமுன் ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஜீப்பில் ஏற்றிப் போடிமெட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது அவர் தொழில். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, தோட்டத்துக் கரட்டுப்பாதையில் இனியும் ஓட்டினால் நடக்கவே இயலாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அவ்வேளையில்தான் மலைமேல் ஒரு விடுதி, வெளிநாட்டு விருந்தினரைத் தார்ச்சாலையில் அழைத்துச்செல்ல ஓட்டுநர் தேடியது. நேர்காணல் ஆங்கிலத்தில்.

வகுப்பில் அவரவர் தத்தமக்கு இயன்றவற்றைச் சொல்லவேண்டும். “ஐ கேன் குக்”, “ஐ கேன் சுவிம்” என்று மைத்துனர் முழங்கினார். “ஐ கேன் டிரைவ்” மட்டும் அவர் வாயில் எழவில்லை.

“சொல்லுங்கண்ணே, இதுக்குத்தான வந்தீக?” என்றாள் ஆசிரியை.

“அது மட்டும் வேணாம் டீச்சர். காலையில மேல ஏறணும்.”

“ஏன் மாப்ளே, கெணத்துல எறங்கவே பயப்படுற நீ, நீந்துவேன்னு மட்டும் கூசாமச் சொல்ற?” என்றேன்.

“கெணறு கோவிச்சுக்கிட்டா நான் ஒருத்தன்தான் மச்சான். மல கோவிச்சுக்கிட்டா வண்டி நெறைய ஆளு!”

‘ஏறிவிடுவேன்’ என்று முன்கூட்டிச் சொல்வது மலைக்குச் சவால் விடுவதாகும் என்பது இப்பாதை ஓட்டுநர் வழக்கம். எவர் கேட்பினும் ‘பாப்போம்’ என்பதே விடை. அதைக் கேட்டுத்தான் ஆட்கள் அச்சமின்றி ஏறி அமர்வர். விடுதி மேலாளருக்கு இஃது எங்ஙனம் தெரியும்?

நேர்காணலன்று நான் வாயிலருகே நின்றேன். பனிமூட்டத்தில் வண்டி ஓட்ட இயலுமா என மேலாளர் ஆங்கிலத்தில் வினவினார். வினா மைத்துனருக்குத் தெளிவாகவே விளங்கியது. சாமியை நோக்குவதுபோல் மேலே பார்த்துக் கைகூப்பி, “காட் கேன், சார்” என்றார். உள்ளே சிரிப்பொலி எழுந்தது. வேறொருவரை அமர்த்திக்கொண்டனர்.

திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சினம். “ஒத்த வார்த்த மாப்ளே! சொல்லித் தொலச்சா என்ன?”

“சொல்லிப்புட்டு நாளைக்கு வண்டி உருண்டா, இங்கிலீசுலயா மச்சான் அழுவீக?”

என் எரிச்சல் இன்றளவும் தணியவில்லை. இடுப்பில் வார்ப்பட்டையை இறுகக் கட்டிக்கொண்டு இன்று வைகறையிலும் அவர் ஆளேற்றிச் சென்றார். இப்போதெல்லாம் வண்டியைவிட்டு இறங்கினால், கதவைப் பற்றியபடியே நெடுநேரம் நிற்கிறார்.

ஓட்டுநர் வழக்கத்தை நான் பிழைபட உரைத்திருப்பின் மலைப்பாதை அறிந்தோர் திருத்துக. அப்படியொரு வழக்கம் இன்று எவரிடமும் இல்லை என்று எவரேனும் நிறுவினால், அதை முதலில் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் நானாக இருப்பேன்.