பரங்கிக்கொடியில் காணாமல் போன ஆண் பூக்கள்

விதைப் பாக்கெட்டின் அட்டையில் இருந்த பரங்கிக்காய், பக்கத்தில் நின்ற ஆளின் இடுப்பு உயரம் இருந்தது. ஆன்லைனில் வாங்கினேன். கடலூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்படி ஒரு காயை வளர்த்துப் பார்த்துவிட வேண்டும் என்று முப்பத்தாறு வயதில் எனக்கு ஓர் ஆசை. அம்மா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத யாரு திங்கறது?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன், தினமும் பஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால், பண்ருட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி, பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பதிலே சொல்லவில்லை. இனி யாரும் வர வேண்டாம், எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பெரிய சண்டைக்குத் தயாராக இருந்தேன். அம்மா "சரி" என்றாள். அதோடு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. அம்மா ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு நிம்மதி. கொஞ்சம் பெருமைகூட.

ஐப்பசி மழையில் வேர் அழுகாமலிருக்க மண்ணை மேடு கட்டி விதைத்தேன். கார்த்திகையில் கொடி மதிலைத் தொட்டது. மார்கழி பிறந்ததும் பெண் பூக்கள் வந்தன. பெண் பூ விரியும் முன்பே அதன் அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு இருக்கும். பூ விரிந்தது, வாடியது, நாலாம் நாள் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது. அடுத்ததும் அப்படியே. இப்படி ஆறு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மண்ணைக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். சத்துக் குறைவோ என்று சாம்பல் போட்டேன்; ஜாஸ்தியாகிவிட்டதோ என்று பயந்து தண்ணீர் விட்டுக் கரைத்தேன். உப்புக் காற்றா, விதையே கோளாறா? விரல் நீட்டிக் காட்டினால் பிஞ்சு வெம்பிவிடும் என்பார்கள்; எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் அப்படிக் காட்டியிருந்தாள். முனைவர் பட்டம் வாங்கிய நான் அந்த விரலை இரண்டு நாள் சந்தேகப்பட்டேன்.

குமராட்சியிலிருந்து அம்மாவின் தம்பி, என் மாமா, வந்திருந்தார். கொடியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"என்னா பாப்பா, ஆம்பளப் பூ ஒண்ணுகூட காணோம்? எல்லாத்தையும் கிள்ளி வச்சிருக்கு பாரு. அது இல்லாம எப்பிடிக் காய் புடிக்கும்?"

பார்த்தேன். மொட்டைக் காம்புகள் வரிசையாக நின்றன. எலியா, குரங்கா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மாமா சிரித்துக்கொண்டு என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார்.

அம்மாவின் மார்கழிக் கோலம். நடுவில் ஐந்து சாணி உருண்டைகள்; ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பரங்கிப்பூ. இருபது நாளாக அந்தக் கோலத்தை மிதிக்காமல் தாண்டித்தான் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். பூ எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

"காய்க்காத பூவத்தான் கிள்ளுனேன்," என்றாள் அம்மா. "காய்க்கிற பூவத் தொடுவனா நானு?"

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் பறிப்பார்கள். வேலிக்கு வேலி கொடி இருக்கும் ஊரில் வேறு ஏதாவது கொடியிலிருந்து வண்டு மகரந்தம் கொண்டுவந்துவிடும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. எங்கள் தெருவில் இருப்பதோ ஒரே கொடி. இதை விளக்கிச் சண்டை போட வாயெடுத்தபோதுதான், கோலத்தில் பரங்கிப்பூ எதற்காக வைக்கிறார்கள் என்பது உறைத்தது. கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு என்று தெருவில் போகிறவர்களுக்குத் தெரிவிக்க. போன மார்கழியிலும் பூ இருந்ததா? அதற்கு முந்தின வருஷம்? இருந்தது. அப்போது கொல்லையில் கொடி ஏது? பூக்காரியிடம் வாங்கி வைத்திருக்கிறாள்.

மறுநாள் ஐந்தரைக்கே கொல்லைக்குப் போனேன். அம்மா கோலமாவு டப்பாவோடு அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஒரு பெண் பூ விரிந்திருந்தது. ஆண் பூவும் ஒன்றுதான். அம்மா அதைக் கிள்ளி, கொஞ்சம் யோசித்து, என்னிடம் நீட்டினாள். இதழ்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் வைத்துத் தடவினேன். அந்தப் பிஞ்சுதான் பிடித்தது. தை முடிவதற்குள் குடம் அளவுக்கு வந்தது. அட்டைப்படத்து ஆளுக்கு முழங்கால் உயரம்கூட வராது. ஆனால் அன்று காலை எனக்குக் காய் முக்கியமாக இல்லை.

"எனக்குக் கல்யாணம் வேணாம்னு சொன்னேன். நீயும் சரின்ன," என்றேன்.

அம்மா குனிந்து, நான் கிழித்துப் போட்ட இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"மாப்ள பாக்க மாட்டேன்னுதான் சரின்னேன். ஆசப்பட மாட்டேன்னு எப்பச் சொன்னேன்?"

இதழ்களை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அவளிடம் கோபப்படுவதா, பின்னாலேயே போய்க் கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் நான் கொடிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.