டூசெட் விட்டுக்கொடுத்த இரண்டு நிமிடம்

கிளெய்ர்வில் நகரத்து ஐஸ் ஹாக்கி அரங்கில் பனித்தளத்தை வழித்து மெழுகும் வண்டியை ஓட்டுகிறவர் ஓர்வில் டூசெட். அவர் ஒரு சுற்று வந்துவிட்டால் அந்தத் தளத்தில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். குடியிருப்பது மட்டும் அரங்குக்குப் பின்னால், கார் நிறுத்துமிடத்தில், உள்ளேயே சமைத்துப் படுத்துக்கொள்ளும்படி அமைந்த ஒரு பழைய கேம்பர் வண்டிக்குள். முன்பு வாடகை வீடு ஒன்று இருந்தது. பழுதுபார்க்கப் போகிறேன் என்று உரிமையாளர் காலி செய்யவைத்தார். ஒரே ஒரு சுவருக்குப் பெயின்ட் அடித்துவிட்டு வாடகையை இரட்டிப்பாக்கினார். அன்றிலிருந்து மகள் கொரின் இரண்டு மணி நேரம் தள்ளி அத்தை வீட்டில் இருக்கிறாள். இரண்டு அறை உள்ள வீடு கிடைத்தால் வந்துவிடுவாள். ஓர்வில் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

வீடு வரும் என்றுதான் நகர்மன்றமும் சொன்னது. அவர் வண்டி நிற்கிற அதே இடத்தில் ஆறு மாடி கட்டி, சாதாரண சம்பளக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கு விடப்போகிறார்களாம். கொரினுக்குப் பால் பல் விழுந்த காலத்திலிருந்து இந்தப் பேச்சு நடக்கிறது. வெளியூரிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். மக்களைக் கூட்டி, கலர் ஒட்டுத்தாளில் கனவுகளை எழுதச் சொல்லி, கேக் கொடுத்து அனுப்பினார்கள். திட்டத்துக்கு ‘எல்லோருக்கும் ஒரு கதவு’ என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. கதவை விடுங்கள், ஒரு தாழ்ப்பாள்கூட வரவில்லை.

ஒருவழியாக நகர்மன்றத்தில் வாக்கெடுப்பு நாள் வந்தது. பொதுமக்கள் பேச ஆளுக்கு இரண்டு நிமிடம். ஓர்வில் முதல் நாளே மகளுக்கு போன் போட்டு, பேச வேண்டியதைப் பேசிக் காட்டினார்.

“அப்பா, இதுவரைக்கும் நாலு தடவை ‘மன்னிக்கணும்’ சொல்லிட்டே. யார் காலை மிதிச்சே?” என்றாள் கொரின்.

“மரியாதைக்குச் சொல்றதுடி.”

“மரியாதைக்கு நீ மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டையே விட்டுட்டு வந்தவன். நாளைக்காவது கொஞ்சம் முறைச்சுப் பேசு.”

முறைக்கிற முகத்தோடுதான் போய் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் பேச எழுந்தவர் லோர்ன் ஏக்கர்லி, ஓய்வுபெற்ற பல் மருத்துவர். அரங்கை ஒட்டித்தான் அவர் வீடு. வீடுகள் கட்டுவதை முழுமனதாக ஆதரிப்பதாக ஆரம்பித்தார். தான் பிறந்தது கடைக்கு மேலே இரண்டு அறையில், ஏழு பேர் கொண்ட குடும்பத்தில் என்றார். இந்த ஊர்ப் பிள்ளைகள் இந்த ஊரிலேயே வாழ வேண்டாமா என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. ஓர்வில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாம் சொல்ல நினைத்ததை இவர் இவ்வளவு அழகாகச் சொல்கிறாரே என்று இருந்தது.

அப்போது சிவப்பு விளக்கு எரிந்தது. நேரம் முடிந்தது, வேறு யாராவது தம் நேரத்தைக் கொடுத்தால் தொடரலாம் என்றார் தலைவி திருமதி டிரைட்ஸ்.

ஓர்வில் கை தானாகத் தூக்கிக்கொண்டது. “மன்னிக்கணும்மா. என் நேரத்தை ஐயாவே எடுத்துக்கட்டும்.”

ஏக்கர்லி திரும்பிப் பார்த்து நன்றி சொன்னார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

“ஆனா,” என்றார்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அந்த ‘ஆனா’தான். ஆறு மாடி எழும்பினால் அவர் தோட்டத்தில் மதிய வெயில் விழாது. தக்காளி பழுக்காது. போட்டி நாட்களில் கார்கள் எங்கே நிற்கும்? கட்டுங்கள், ஆனால் வேறெங்காவது கட்டுங்கள். ஓர்வில் கொடுத்த இரண்டு நிமிடத்தையும் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார்.

ஓர்வில் எழுந்து, கொடுத்ததைத் திரும்பத் தரமுடியுமா என்று கேட்டார். விதியில் இடமில்லை என்றார் தலைவி. அவரும் ‘மன்னிக்கணும்’ என்றார். வாக்கெடுப்பு நடக்கவில்லை. நிழல் எவ்வளவு தூரம் விழும் என்று முதலில் ஆய்வு செய்வதாகத் தீர்மானித்துக் கலைந்தார்கள்.

மகளுக்கு போன் போட அவருக்குத் தைரியம் வரவில்லை. அவளேதான் கூப்பிட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டாள்.

“ஏம்ப்பா, ‘ஆதரிக்கிறேன்’னு ஆரம்பிச்சா பின்னாலேயே ‘ஆனா’ வரும்னு தெரியாதா? அதுவரைக்கும் கையை அடக்கிட்டு உட்கார வேண்டாமா?”

“அழுதாருடி அந்த மனுஷன்.”

“அழட்டும். ஆய்வு எப்போ முடியும்?”

அது யாருக்குத் தெரியும்?

“சரி, சனிக்கிழமை பஸ்ல நான் வந்துடறேன்.”

வண்டிக்குள் கால் நீட்டவே இடமில்லை என்று அவர் பதறினார். மடக்கிக்கொள்கிறேன் என்றாள். பல் விழுந்ததிலிருந்து காத்திருந்தாயிற்று, இனி நகர்மன்றத்தை நம்பினால் பொக்கை வாயோடுதான் குடிவரவேண்டும் என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

சொன்னபடியே வந்தாள். இரண்டு பைகளை உள்ளே வைத்ததும் வண்டிக் கதவு சாத்த மறுத்தது. ஓர்வில் மேசையை மடக்கி அவளுக்குப் படுக்கை ஆக்கினார். தனக்கு ஓட்டுநர் இருக்கை போதும் என்றார்.

திங்கட்கிழமை மதியம், அப்பாவும் மகளும் பீன்ஸும் ரொட்டியுமாகச் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். நிழல் ஆய்வுக்காரர். அளவு சரியாக வரவேண்டுமானால் இந்த இடம் வெறுமையாக இருக்கவேண்டுமாம். இந்த வண்டியின் நிழல் கணக்கைக் கெடுக்கிறதாம்.

ஓர்வில் சாவியைத் தேட எழுந்தார். கொரின் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

“சாப்பிட்டுட்டு எடுக்கிறோம் சார். அதுவரைக்கும் எங்க நிழலையும் சேர்த்தே எழுதிக்கங்க.”